தேக்குக் கட்டையும் பிரெஞ்சுக் காகிதமும்

பிரெஞ்சு மொழியில் ‘டிம்பர்’ என்பதற்கு நேராக ஒரு சொல் கிடையாது. மர இறக்குமதி பார்க்கும் எங்கள் அலுவலகத்தில் ஆவண வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அகராதியைப் புரட்டினால் ‘புவா’ என்று போட்டிருக்கும். அதை நம்பி இறங்கினால் ஒரு பக்கம் தாண்ட முடியாது. புவா என்றால் மரக்கட்டை, விறகு, சின்னக் காடு எல்லாமேதான். பாரிஸுக்கு மேற்கே புவா த பூலோன், கிழக்கே புவா த வன்சேன் என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. இரண்டும் காடுகள். ஜனங்கள் நடைப்பயிற்சிக்குப் போகிற இடங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்தேன். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது, இந்த ஊரில் பிரெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். துறைமுகத்துக்கு அது வேண்டியிருந்தது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் முழுக்கட்டையாக மரம் ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்த ஆப்பிரிக்கத் தேக்குக்குக் கிராக்கி இன்னும் கூடியது. கானாவிலிருந்து சரக்கு வந்தால் காகிதங்கள் ஆங்கிலத்தில் வரும். அதற்கு மேற்கே ஐவரி கோஸ்ட், கிழக்கே டோகோ, அதற்கடுத்து பெனின். இந்த மூன்றிலிருந்தும் வந்தால் பிரெஞ்சு. ஒரே கடற்கரை, ஒரே தேக்கு. தேக்கு என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் ‘தேக்கா’ என்று எடுத்துப்போனதுதான். ஆங்கிலத்தில் டீக், பிரெஞ்சில் தெக். மரத்தின் பெயரில் குழப்பமே இல்லை. அந்த மரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சொற்களில்தான் காசும் சட்டமும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துவிடுவோம். டிம்பர் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் கட்டடம் என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் அறையைக் குறிக்கும் ‘ட்ஸிம்மர்’ இதற்கு உறவு. கட்டுவதற்கு மரமே முதல் பொருளாக இருந்த நாட்டில், கட்டடத்தின் பெயர் மரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று பிரிட்டனில் காட்டில் நிற்கிற மரமும் டிம்பர், அறுத்து அடுக்கிய சட்டமும் டிம்பர். அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் அறுத்த மரம் ‘லம்பர்’. டிம்பர் என்றால் நிற்கிற மரம், இல்லையென்றால் ஐந்து அங்குலமும் அதற்கு மேலும் கனமுள்ள பெரிய உத்திரம். பிரிட்டனில் லம்பர் என்று சொன்னால், மூலையில் போட்டுவைத்த பழைய தட்டுமுட்டுச் சாமான்.

அளவிலும் அப்படித்தான். அமெரிக்கர்கள் ‘டூ பை ஃபோர்’ என்று விற்கும் சட்டத்தை நாடாவை வைத்து அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். பச்சையாக அறுத்தபோது இருந்த அளவுதான் பெயராக நின்றுபோனது. காய்ந்து, இழைத்த பிறகு சட்டம் மெலிந்துவிடுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் இங்கே முதல்முறை வாங்குகிறவருக்கு அதை யாராவது சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சு இதை வேறு வழியில் பிரித்துக்கொள்கிறது. மரம் வெட்டுப்படுவதற்கு முன் ‘புவா சுர் பியே’, அதாவது காலில் நிற்கிற மரம். வெட்டிச் சாய்த்து, கிளை கழித்து, பட்டையோடு கிடந்தால் ‘க்ரூம்’. அதை நீளம் பார்த்துத் துண்டு போட்டால் ‘பீய்’. கோடாலியாலோ ரம்பத்தாலோ நாலு பக்கமும் தட்டிச் சதுரமாக்கினால் ‘எக்காரி’. மில்லில் அறுத்து, விளிம்பு நான்கும் கூராக, பட்டையின் சுவடே இல்லாமல் வந்தால் ‘அவிவே’. அறுத்துக் கட்டடத்துக்கோ மேசை நாற்காலிக்கோ போகத் தகுதியான மரம் மொத்தத்துக்கும் ‘புவா தெவ்ர்’ என்று பெயர். அடுப்புக்குப் போவது ‘புவா த ஷோஃபாழ்’. காட்டிலிருந்து வீடு வரை மரம் போகிற வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெயர்ப்பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். கானாக்காரர்கள் ஆங்கிலத்தில் ‘பில்லட்’ என்று எழுதும் குட்டையான தேக்குக் கட்டையும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். பீய் என்பதன் குட்டிப் பெயர் அது.

இந்த வரிசையில் சேராமல் தனியாக நிற்கும் ஒரு சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘மெரேன்’. ஓக் மரத்தை அறுக்காமல், நார் போகிற போக்கிலேயே பிளந்து எடுக்கும் பலகை. ஒயின் பீப்பாய்க்கு இதுதான் வேண்டும். பிரெஞ்சு ஓக்கை ரம்பத்தால் அறுத்தால் மரத்துக்குள் ஓடும் நுண்குழல்கள் குறுக்கே வெட்டுப்பட்டு ஒயின் கசிந்துவிடும். பிளந்தால் குழல்கள் பலகையோடு சேர்ந்தே ஓடும், கசியாது. நடு பிரான்ஸில் த்ரோன்ஸே என்றொரு ஓக் காடு உண்டு. பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் 1669இல் காடுகளுக்கான பெரிய சட்டத்தைக் கொண்டுவந்தார். கடற்படைக்குக் கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று அந்தக் காட்டை மறுபடி வளர்க்க ஏற்பாடு செய்தார். ஓக் முற்றுவதற்கு இருநூறு வருஷம் ஆகும். மரம் தயாரானபோது கப்பல் இரும்புக்கு மாறிவிட்டது. அதனால் இன்று த்ரோன்ஸே ஓக் மெரேனாகப் பிளந்து பீப்பாய்க்குப் போகிறது. மெரேன் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘மாத்தேரியா’, கட்டட மரம். அதே வேரிலிருந்துதான் போர்ச்சுகீசியரின் ‘மதேய்ரா’ வந்தது. காடு அடர்ந்திருந்த தீவுக்கும் அவர்கள் அதையே பெயராக வைத்தார்கள்.

சரி, ‘எக்காரி’க்கு வருகிறேன். அதை வைத்து எங்கள் யார்டில் ஒரு சரக்கு தேங்கிக் கிடந்தது. அனுப்பியவரின் மூல பேக்கிங் லிஸ்ட்டில் ‘க்ரூம் எக்காரி’ என்று சுத்தமாக எழுதியிருந்தது. நடுவில் இருந்த ஒரு ஏஜென்ட் அதைக் கணினியில் போட்டு ஆங்கிலப்படுத்தி, சதுரமாக அறுத்த மரம் என்று மாற்றி அனுப்பிவிட்டார். சுங்கத்தில் மரக்கட்டைக்கும் அறுத்த மரத்துக்கும் தலைப்பு எண்ணே வேறு. முழுக்கட்டை 4403. பட்டை உரித்திருந்தாலும், ஓரத்து வெளிறிய மரமான வெள்ளையைக் கழித்திருந்தாலும், சுமாராகச் சதுரம் தட்டியிருந்தாலும் 4403தான். நீளவாக்கில் அறுத்து ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கனம் இருந்தால் 4407. கையிலிருப்பது ஒரே கட்டைதான். ஒரு காகிதம் அதைக் கட்டை என்கிறது, இன்னொன்று அறுத்த மரம் என்கிறது. அதிகாரி கேள்வி கேட்கத்தான் செய்வார், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூல லிஸ்ட்டைத் தேடி எடுத்து, வார்த்தைக்கு வார்த்தை விளக்கம் எழுதி, கட்டையின் படத்தையும் வைத்துக் கொடுத்தேன். விட்டுவிட்டார்கள். அதற்குள் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிவிட்டது. அந்த டெமரேஜும் தங்குதல், தாமதித்தல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

எக்காரி என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் நோத்ர்தாம் தேவாலயத்தின் கூரையை மறுபடி செய்த காணொளிகளைப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்துபோன அந்தக் கூரைச் சட்டகத்தை ‘லா ஃபொரே’, காடு, என்றே அழைத்துவந்தார்கள். அத்தனை ஓக் மரம் உள்ளே இருந்தது. திரும்பக் கட்டுவதற்கு நாடு முழுவதும் காடுகளிலிருந்து சுமார் 2000 ஓக் மரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய கூரைச் சட்டகத்துக்கான உத்திரங்களைத் தச்சர்கள் பச்சையாக இருக்கும்போதே கோடாலியால் சதுரம் தட்டினார்கள். முதலில் கட்டையின் பக்கத்தில் இடைவெளி விட்டு ஆழமாக வெட்டுப்போடுகிறார்கள். பிறகு இரண்டு வெட்டுக்கு நடுவில் இருப்பதைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறார்கள். கடைசியில் ‘தொலுவார்’ என்ற அகன்ற கோடாலியை எடுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று, மேல்பரப்பைச் சீவிக்கொண்டே போகிறார்கள். ரம்பம் நேர்கோட்டில்தான் போகும். கோடாலி மரத்தின் வளைவோடு போகிறது. நடுத்தண்டு உத்திரத்தின் நடுவிலேயே நிற்கிறது. விளிம்பில் அங்கங்கே பட்டைப் பக்கத்து வளைவு தெரிகிறது. அந்தக் குறைக்குப் பிரெஞ்சில் ‘ஃபிளாஷ்’, ஆங்கிலத்தில் ‘வேன்’. அவிவேயில் அது இருக்கக் கூடாது, எக்காரியில் இருக்கலாம். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தபோது எல்லோரும் பளிச்சென்றிருந்த கல்லைப் பார்த்தார்கள். நான் கூரைக்கு உள்ளே இருக்கும் அந்தக் கோடாலித் தடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி வெள்ளை. எங்கள் யார்டில் கட்டை அளக்கும் அண்ணாச்சி பிரெஞ்சுப் பேக்கிங் லிஸ்ட் வந்ததுமே என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“ஏம்மா, வெள்ளைய கழிச்சிருக்காவளா, இல்ல சேத்தே போட்டிருக்காவளா?”

தேக்குக் கட்டையின் வெட்டு முகத்தைப் பார்த்தால் ஓரத்தில் வெளிறிய வளையம் ஒன்று இருக்கும். நடுவில் தேன் நிறத்தில் வைரம், அதாவது முற்றிய மரம். வெளி வளையத்தில்தான் மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறியது. அதில் எண்ணெய்ப் பசை குறைவு, பூச்சி அங்கேதான் முதலில் வாய் வைக்கும். ஆங்கிலம் அதில் ஓடும் நீரைப் பார்த்து ‘சாப்வுட்’ என்று பெயர் வைத்தது. பிரெஞ்சு ‘ஒபியே’ என்கிறது. வெள்ளை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நம் ஆசாரிமார் சொல்வதும் வெள்ளைதான். நடுப்பகுதிக்குப் பிரெஞ்சில் ‘துராமென்’ என்றொரு பெயர், வேர்ப்பொருள் கடினம். வைரம் பாய்ந்த மரம் என்று நாம் சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. பாண்டிச்சேரி வகுப்பறையில் கற்ற மொழியும் தூத்துக்குடி யார்டில் கேட்கும் பேச்சும் இந்த ஒரு கட்டையின் முகத்தில் வந்து கைகுலுக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கிறது.

அண்ணாச்சி கேட்பது அழகுக்காக இல்லை, கணக்குக்காக. மேற்கு ஆப்பிரிக்காவின் தோட்டத் தேக்கு பெரும்பாலும் இளம் மரம், சுற்றளவு குறைவு, வெள்ளை அதிகம். 80 சென்டிமீட்டர் சுற்றளவு, 2.3 மீட்டர் நீளம் உள்ள கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கு உரிய வாய்பாட்டைப் போட்டால் 0.117 கன மீட்டர் வரும். மர வியாபாரம் அப்படிக் கணக்குப் போடாது. சுற்றளவை நாலாக வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கும். 20 சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர், 2.3 மீட்டர். 0.092 கன மீட்டர். இதுதான் ஹாப்பஸ் கணக்கு. 1736இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு அட்டவணை போட்டு வெளியிட்டார். அவர் பெயர் இன்றும் நம் மரக்கடைகளில் புழங்குகிறது. உண்மையான கன அளவில் நூற்றுக்கு எழுபத்தெட்டரைதான் இதில் வரும். சதுரம் தட்டும்போது வீணாகப் போகும் மரத்துக்கு விட்டுக்கொடுக்கிற கழிவு அது.

பிரெஞ்சுக்காரர்களிடமும் இதே கணக்கு இருக்கிறது, வேறு பெயரில். ‘ஓ கார் சான் தெதுக்ஸியோன்’, கழிவில்லாத கால்பங்குக் கணக்கு. அதோடு நிற்காமல் இன்னும் இரண்டு வைத்திருக்கிறார்கள். சுற்றளவில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு நாலால் வகுப்பது ஒன்று. ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு வகுப்பது இன்னொன்று. மேலே சொன்ன அதே கட்டை முதலாவதில் 0.064, இரண்டாவதில் 0.059 கன மீட்டர். அதாவது உண்மையான அளவில் பாதி. கட்டை ஒரு இஞ்சுகூடக் குறையவில்லை. விலை எந்தக் கணக்கின்மேல் பேசப்பட்டது என்பது லிஸ்ட்டின் அடியில் ஒரே ஒரு வரியில் இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கன மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து, பெனின் சரக்கு கானா சரக்கைவிட விலை கூட என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பிரெஞ்சு ஆவணத்தில் ‘தேம்ப்ர்’ என்று ஒரு சொல் வரும். எழுத்துக் கூட்டிப் பார்த்தால் டிம்பர் போலவே இருக்கும். மரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முத்திரை, அஞ்சல் தலை. குரலின் தன்மையைச் சொல்லவும் அதே சொல்தான். அதைத் தாண்டிப் போய்விடலாம்.

பிரெஞ்சு வெகு தூரம் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலும் கேரள எல்லையிலும் மரத்தொழிலில் இருப்பவர்கள் காட்டில் மரம் வெட்ட ஒதுக்கிய இடத்தைக் ‘கூப்பு’ என்பார்கள். கூப்பு ரோடு, கூப்பு காண்ட்ராக்ட் எல்லாம் சாதாரணப் பேச்சு. அது பிரெஞ்சின் ‘கூப்’, வெட்டு. வனத்துறை ஆங்கிலத்தின் வழியாக வந்தது. 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியாக வந்த டீட்ரிஹ் பிராண்டிஸ் ஒரு ஜெர்மானியர். அப்போது பிரிட்டனில் காட்டியல் சொல்லிக்கொடுக்கப் பள்ளி இல்லை. அதனால் 1867 முதல் ஏறக்குறைய இருபது வருஷம், இந்தியக் காடுகளுக்கு வரவேண்டிய இளம் ஆங்கிலேயர்களில் பலரைப் பிரான்ஸின் நான்ஸி நகரத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அங்கே 1824 முதலே காட்டியல் பள்ளி நடந்துவந்தது. காட்டை வருஷத்துக்கு ஒரு கூப் என்று பங்கு பிரித்து, வெட்டிய இடம் தழைத்த பிறகே மறுபடி அங்கே வருவது என்ற முறையை அங்கே படித்தவர்கள் கொண்டுவந்தார்கள். முறையோடு சொல்லும் வந்தது. வெட்டிய மரத்தை அடுக்கி ஏலம் விடுகிற டிப்போவும் மூலத்தில் பிரெஞ்சுதான்.

தொழிலாளர் பெயர்களை ஓரிரு வரியில் முடித்துவிடலாம். நாம் ஆசாரி என்று ஒரே சொல்லில் மரியாதை செய்கிறவரைப் பிரெஞ்சு மூன்றாகப் பிரிக்கும். கூரைச் சட்டகம் செய்கிறவர் ‘ஷார்ப்பாந்தியே’, கதவு ஜன்னல் செய்கிறவர் ‘மெனுய்சியே’, நுணுக்கமான வீட்டுச் சாமான் செய்கிறவர் ‘எபெனிஸ்த்’. மூன்றாவது பெயர் கருங்காலியிலிருந்து வந்தது.

மிச்சம் இருப்பது வெடிப்பு. சரக்குப் பற்றிய சண்டையில் பாதி இதில்தான் வரும். ஆங்கிலத்தில் ‘செக்’ என்றால் காய்கிறபோது மேலே விடும் கீறல். ‘ஷேக்’ என்றால் மரம் நிற்கும்போதோ விழும்போதோ உள்ளே உண்டான பிளவு. இரண்டையும் வெடிப்பு என்று தமிழில் எழுதிவிட்டுப் போனால் வாங்குகிறவர் ஏமாந்துபோவார். செக் விட்ட கட்டையில் முனையைக் கொஞ்சம் வெட்டித் தள்ளினால் போதும். பிரெஞ்சில் மேல் கீறலுக்கு ‘ஜெர்ஸ்’, பெரிய வெடிப்புக்கு ‘ஃபாந்த்’. நடுவிலிருந்து நாலா பக்கமும் கிளம்பினால் ‘கேர் எத்துவாலே’, நட்சத்திர நெஞ்சு. புயலில் வேரோடு சாய்ந்த மரத்துக்கு ‘ஷாப்ளி’ என்று தனிச்சொல்லே உண்டு. 1999 டிசம்பர் 26, 27 தேதிகளில் அடித்த இரண்டு புயல்களில் பிரான்ஸில் 10 கோடி கன மீட்டருக்கும் மேலான மரம் ஷாப்ளியாகக் கிடந்தது. அப்படி விழுந்த மரத்தில் நார் உள்ளுக்குள் முறிந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றிலும் மோசமானது ‘ரூலூர்’. வருட வளையத்தின் வழியாகவே சுற்றி ஓடும் பிளவு. கட்டையின் உள்தண்டு வெளித்தண்டிலிருந்து விட்டுப்போயிருக்கும். அறுக்கப் போட்டால் பலகை இரண்டாகக் கழன்று விழும். முனையில் பார்த்தால் நகக்கீறல் மாதிரி ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். தூசியும் சுண்ணாம்புக் குறியும் அதை எளிதாக மறைத்துவிடும். அதனால் பிரெஞ்சு லிஸ்ட்டில் எந்த மூலையிலாவது ரூலூர் என்று கண்ணில் பட்டால், விலை பேசுவதற்கு முன்பு ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு முனையின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். முனையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்த படமாக இருக்க வேண்டும்.